நோய்த்தொற்றுக் காலத்தில் துணிக்கலைக் கண்காட்சி: சேலம் கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சேலம் பொன்னம்மாப்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் 14 துணிக்கலைப் படைப்புகளை வைத்து ஒரு சிறு கண்காட்சி நடத்தினோம். நெசவாளர் மூவர், பூத்தையல் செய்யும் பெண்கள் இருவர், இயற்கைச் சாயம் போடும் ஒருவர் என ஆறு பேரின் படைப்புகள் அவை. அதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரியான ஐயங்களைத் தறிக்கூடங்களிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்து, நான் அறிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சேலை நெய்யறது தொழில்தானுங்களே, அதைப் போயி கலைன்னு கண்காட்சி வைக்கலாமுங்களா?"

வைக்கலாம். நூல், துணி, சாயம், ஊசி ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் எல்லாமே துணிக்கலையில் அடங்கும். கைத்தறி நெசவும் பூத்தையலும் கட்டுச்சாயமும் அச்சும், கோயில் தேருக்கு ஒட்டுத்தையலில் செய்யும் சீலைகளும் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை நெய்யும் கைகள் சேலத்தின் குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகளில் இருக்கும்போது, அக்கைகளுக்கு உரியவர்கள் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

கடையில் துணியை விரித்தால் வருபவர் முதலில் விலையைக் கேட்கிறார். அதே துணியைச் சுவரில் தனியாகத் தொங்கவிட்டால், இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார். அந்த இரண்டாவது கேள்விக்காகவே கண்காட்சி வைக்கிறோம்.

"கொரோனாதான் போயிருச்சே, இப்ப எதுக்குங்க இதெல்லாம்?"

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிவுக்கு வந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்தது. ஆயினும் காய்ச்சல் பரவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே கேள்விகள் என்னிடம் வருகின்றன. அடுத்த தொற்று எப்போது வந்தாலும், அந்த இரண்டு ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

"எங்களுக்கு மட்டும்தான் எல்லாம் நின்னு போச்சா, பெரிய ஆளுங்களுக்கும் இப்படித்தானா?"

எல்லோருக்கும்தான். லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில், கயிறும் சிசல் என்னும் கற்றாழை நாரும் கொண்டு ஆள் உயரத்தை மிஞ்சும் படைப்புகளை உருவாக்கிய போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச்சின் கண்காட்சி 2020இல் நடக்க இருந்தது. அது 2022 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேசக் குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) திருவிழா 2020இல் நேரில் நடைபெறவில்லை. 2020 டிசம்பரில் தொடங்க வேண்டிய கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் கலைவிழா 2022 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. நம் ஏற்காட்டின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நடக்கவில்லை.

வேறுபாடு ஒன்று உண்டு. பெரிய கலைக்கூடத்துக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க முடியும். கூலிக்கு நெய்துகொண்டே தனக்கென ஒரு படைப்பைச் செய்தவருக்கு, அந்தத் துணியில் முடங்கிய நூல்விலைகூடப் பெரிய பாரம். ஆகவே காத்திருப்பதை மட்டும் அறிவுரையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தொட்டுப் பாக்காம துணிய எப்படிக்கா காட்டறது? கைல எடுத்தாத்தானே தெரியும்?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. துணியை அறியக் கண்ணைவிட விரல் முந்திக்கொள்ளும். தொடுவதைத் தடுத்துவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருந்தால் பாதிக் கண்காட்சி போய்விடும். எனவே விரல் தேடுவதைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். உடலுக்கும் கரைக்கும் வேறுவேறு ஊடை (குறுக்கிழை) ஓட்டிக் கோக்கும் கோர்வைச் சேலையில், இரண்டும் சேரும் இடத்தை நெருங்கிப் பார்த்தால், இரண்டு நிற ஊடைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும் கோடு, பல்வரிசைபோல் தெரியும். பின்பக்கத்தில் அதே இடம் மெல்லிய வரப்பாக மேலெழுந்திருக்கும். சேலையைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் இந்தப் பின்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது. சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி மூங்கிலில் தொங்கவிட்டு, பின்னால் நடந்து போக வழி விட்டோம். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுக்காமல் ஒரு தாங்கியில் பொருத்தி வைத்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்கள்.

இரண்டாவது ஏற்பாடு தொடுதுண்டு. ஒவ்வொரு படைப்புக்கும் பயன்படுத்திய அதே நூலில், அதே நெசவில் மூன்று அங்குலச் சதுரங்களைத் தனியாக நெய்து, வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுத்தோம். அதை அவரே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தொட்டதை இன்னொருவர் தொட வேண்டியதில்லை. பாவின் (தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகளின்) மீதியிலேயே நெய்ததால் நூல்செலவு குறைவு, உழைப்புதான் கூடுதல். 120 துண்டுகள் இரண்டாம் நாள் மாலைக்குள் தீர்ந்துவிட்டன.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பார்வையற்ற இளைஞர் ஒருவர் தம் அக்காவுடன் வந்திருந்தார். அவருக்கு மூன்று அங்குலத் துண்டைக் கொடுத்து அனுப்புவது சரியாகப்படவில்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒரு சேலையை முந்தானை தொடங்கி மறுமுனைவரை அவர் தடவிப் பார்த்தார். கரையில் ஜரிகை தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. "இங்க குளிருதுங்க" என்றார். இப்படிப்பட்டவர்களுக்காக எந்த விதியிலும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"எல்லாரும் தொட்ட துணிக்குச் சானிடைசர் அடிச்சா போதாதுங்களா?"

தயவுசெய்து அடிக்காதீர்கள். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் சில சாயங்களைக் கசியவிடும். அதில் கலந்திருக்கும் கிளிசரின் கறையாகத் தங்கும். தரை துடைக்கும் பிளீச்சிங் கரைசல் இன்னும் மோசம். அது சாயத்தை வெளுப்பதோடு நிற்காமல் பட்டு இழையையே அரித்துக் கரைத்துவிடும். ஜரிகையையும் கறுக்க வைக்கும். கூடத்தின் தரையைத் துடைக்கும்போதுகூடத் தாழத் தொங்கும் முந்தானையை மேலே சுருட்டிக் கட்டிவிட்டுத் துடைக்க வேண்டும்.

துணிக்கு ஏற்ற மருந்து நாள்கள்தாம். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2020இல் செய்த சோதனையில், துணியின் மேல் இட்ட கொரோனா வைரஸ் இரண்டாம் நாளில் தொற்றும் நிலையில் இல்லை. அருங்காட்சியகங்கள் பலவும் 72 மணி நேரம் பொருள்களைத் தனியே வைத்துவிட்டுப் பிறகு எடுத்தன. பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு, ஒரு முறை தொடுவதற்கு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. எனவே தொட்டுவிட்டார்களே என்று அஞ்சித் துணியைப் பாழாக்க வேண்டாம். மூன்று நாள் தனியே வையுங்கள்.

"அப்ப வெயில்ல காயப்போட்டுட்டா?"

வேண்டாம். சித்திரை வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே சாயம் மங்கத் தொடங்கும், பட்டும் நொறுங்கும் தன்மை பெறும். ஒளியால் வந்த கேடு மீளாது. ஒவ்வொரு முறையும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும். துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. நிழலில் காற்றாட விடுவதே போதும்.

"ஒரு கூடத்துல எத்தனை பேர விடலாம்? அதுக்குச் சட்டம் ஏதாச்சும் இருக்குதா?"

அந்தந்தக் காலத்து அரசாணையே சட்டம். 2020 அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில், மூடிய அரங்குகளில் கொள்ளளவில் 50 சதவீதம், அதிகபட்சம் 200 பேர் என்று இருந்தது. அதே ஆணையில் வணிகர்களுக்கு இடையிலான கண்காட்சிகளுக்கே முதலில் அனுமதி வந்தது. அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் நவம்பரில்தான் திறக்கத் தொடங்கின. மாநில அரசு இதைவிடக் கடுமையாக விதிக்கலாம், எந்த நேரத்திலும் மாற்றவும் செய்யலாம். 2021 மே 10 அன்று தமிழகம் மீண்டும் முழு ஊரடங்குக்குப் போனதை நினைவில் கொள்ளுங்கள். அழைப்பிதழ் அச்சிடும் முன் மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கையைவிடக் காற்றோட்டம் முக்கியம். நோய் பரவுவது பெரும்பாலும் மூடிய அறையின் காற்றில்தான். நாங்கள் அரை மணிக்குப் பத்துப் பேர் என்று நேரச் சீட்டுக் கொடுத்து, சன்னல்களைத் திறந்தே வைத்தோம். சன்னலைத் திறந்தால் தூசி வரும், வெளிச்சம் வரும். அதற்கு வெளுக்காத காடாத் துணியில் திரை போட்டோம். முற்றமும் திண்ணையும் உள்ள பழைய வீடுகள் குளிரூட்டிய மண்டபங்களைவிட இதற்குப் பொருத்தமாக இருந்தன.

"ஏற்காட்டுல வைச்சா என்னங்க? குளிர்ச்சியா இருக்கும், ஆளுங்களும் வருவாங்க"

கூட்டம் வரும் என்பது உண்மை. ஆனால் தொற்றுக் காலத்தில் அந்தக் கூட்டத்தையே நம்ப முடியாது. 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கு இடையே செல்ல இ-பாஸ் தேவையில்லை என்று அறிவித்தபோதும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு மட்டும் அது தேவைப்பட்டது. அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பினால், மேலே விரித்து வைத்த துணியைப் பார்க்க மேகம்தான் வரும்.

அந்த மேகத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்து துணியில் படியும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம்; கஞ்சி போட்ட பருத்தியில் அது முதலில் வரும். மேலே ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் நாங்கள் நான்கு நாள் வைத்த கண்காட்சியில், மூன்றாம் நாள் காலையில் ஒரு பருத்திச் சேலையின் மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகளைக் கண்டோம். அன்று முதல் மாலையில் எல்லாவற்றையும் இறக்கி, உருளையில் சுற்றி, அடுப்பறையை ஒட்டிய உலர்ந்த அறையில் வைத்தோம். காற்றோட்டத்துக்காகச் சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன் அல்லவா, ஏற்காட்டில் அதைப் பனி விலகிய நண்பகல் வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசி மாதங்கள் பாதுகாப்பானவை. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம்.

"போன்ல படம் புடிச்சா கலரே மாறிப் போவுதே, என்ன பண்றது?"

அரக்கும் குங்குமச் சிவப்பும் போன் கேமராவில் அளவுக்கு மீறிப் பளிச்சென்று விழும். சன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத காலை வெளிச்சத்தில், குழல்விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு நிறத்தைச் சரிசெய்ய அந்த வெள்ளையே அளவுகோலாகும். நெருக்கமான நெசவில் அலை அலையாகக் கோடுகள் தெரிந்தால் அது துணியின் குறை இல்லை. இழைக்கட்டும் கேமராவின் புள்ளிக்கட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வருவது. ஓரடி பின்னால் போனாலோ சற்றுச் சாய்த்துப் பிடித்தாலோ மறைந்துவிடும்.

மயில்கழுத்து நிறத்தைப் படமாக எடுக்கவே முயல வேண்டாம் என்பேன். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். திருப்பத் திருப்ப நீலம் பச்சையாகி, மடிப்பில் மீண்டும் நீலமாகும். அதற்குப் பத்து நொடிக் காணொளிதான் வழி. குகையில் ஒரு அம்மா துணியை இரு கைகளிலும் ஏந்தி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் மெல்ல அசைத்துக் காட்டினார். அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு நிறத்தைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

"அப்ப இணையத்துலயே வெச்சுட்டா செலவு மிச்சந்தானே?"

விற்பனைக்கு அது உதவியது. 2020இல் தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7 காணொளி வழியாகவே கொண்டாடப்பட்டது. அதே நாளில் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் வெளிநாட்டு வணிகர்களுக்கு இணையவழிக் கண்காட்சியைத் தொடங்கியது. ஆனால் கலைப்படைப்பாகக் காட்டும்போது திரையில் அளவு தொலைந்துவிடுகிறது. ஆறு கெஜச் சேலையும் கைக்குட்டையும் போனில் ஒரே அளவு. இணையத்தில் வைப்பதானால், படைப்பின் அருகில் ஒருவர் நிற்கும் படம் ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். தொடுதுண்டைத் தபாலில் அனுப்பவும் முடியும்.

"படத்தப் போட்டா நாளைக்கே விசைத்தறியில அடிச்சு வித்துருவாங்களே, என்ன பாதுகாப்பு?"

இந்தக் கேள்வியைக் கேட்காத நெசவாளர் இல்லை. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஒரு புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை கிடைக்கும். இங்கே சிக்கல் என்னவென்றால், விண்ணப்பிக்கும் முன்பே வடிவம் வெளியாகியிருந்தால் அதைப் புதியது என்று ஏற்கமாட்டார்கள். இணையத்தில் படம் போடுவதும் வெளியீடே. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில், முன்கூட்டியே பதிவு அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு வைத்திருந்தால் மட்டும், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. பொன்னம்மாப்பேட்டை வீட்டுக் கண்காட்சிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகு படம்.

பதிவு செய்யாத வடிவத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்று சிலர் எண்ணுகிறார்கள். பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கினால் அந்தப் பதிப்புரிமை போய்விடும் என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றே ஒன்றாக நெய்த கலைப்படைப்புக்கு நிலைமை சற்று மேல். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். உங்கள் முந்தானையில் நீங்கள் வரைந்த அன்னத்தைக் காக்காது. பதிவு செய்ய இயலாதவர்களுக்கு நான் சொல்லும் எளிய வழி, முழு வடிவத்தையும் நேராகப் படமெடுத்துப் போடாமல், மடிப்பாகவும் பகுதியாகவும் காட்டுவது.

"கண்காட்சிக்குக் குடுத்த துணி ஊரடங்குல உள்ளயே மாட்டிக்கிச்சு. யாருங்க பொறுப்பு?"

எழுதி வாங்கியிருந்தால் எழுதியபடி. எழுதாவிட்டால் வருத்தம் மட்டுமே மிஞ்சும். வெளியூர்க் கூடம் ஒன்றுக்கு நான் கொடுத்த பூத்தையல் விரிப்பு எட்டு மாதம் பூட்டிய அறையில் மடித்த வாக்கில் கிடந்தது. திரும்பி வந்தபோது மடிப்புக் கோட்டில் இழைகள் விட்டுப்போயிருந்தன. ஒரு மூலையை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் யாரும் பொறுப்பேற்கவும் இல்லை.

அதன்பின் ஒரு தாளில் சிலவற்றை எழுதிக் கையெழுத்து வாங்காமல் எதையும் கொடுப்பதில்லை. திடீரென மூட நேர்ந்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது, கெட்டுப்போனால் என்ன தொகை என்பவை அதில் இருக்கும். மடிக்காமல், சுத்தமான காடாத் துணி சுற்றிய உருளையில் சுருட்டி வைக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"தறி வீட்டுக்குள்ளதான் இருக்குது. வீட்டையே கண்காட்சியா ஆக்கிட்டா?"

சாதாரண நாளில் இதைவிடச் சிறந்த கண்காட்சி கிடையாது. தொற்றுக் காலத்தில் மட்டும் தயங்குவேன். குழித்தறி இருக்கும் அறை சிறியது, காற்று குறைவு, பெரியவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். கோர்வைக்குக் கரை நாடாவை (ஊடை இழையைக் கொண்டு செல்லும் ஓடத்தை) எறிய நெய்பவர் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரே குடும்பம் என்பதால் அவர்களுக்குள் இடைவெளி தேவையில்லை, வெளியாள் வந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். வாசலிலிருந்தே பார்க்கும்படி தறி தெருவை நோக்கி இருந்தால் செய்யலாம். இல்லையென்றால், மேலே மயில்கழுத்துக்குச் சொன்னதுபோல் காணொளிதான். அதில் பேச்சு வேண்டாம். மிதியும் நாடாவும் எழுப்பும் ஓசை மட்டும் இருக்கட்டும்.

"காய்ச்சல் வந்த வீட்டுல நெய்ஞ்ச துணின்னு சொன்னா சனங்க ஒதுங்குவாங்களே?"

துணியால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதற்கான காரணங்களைச் சானிடைசர் பற்றிய விடையில் சொல்லிவிட்டேன். மூன்று நாள் கழிந்த துணியைப் பற்றி யாருக்கும் எதையும் அறிவிக்கத் தேவையில்லை. வீட்டில் யாருக்கு நோய் வந்தது என்பது அந்த வீட்டாரின் செய்தி, பார்வையாளருக்கு உரியது அன்று.

"அப்பா பாதி நெய்ஞ்ச பாவு தறியிலயே நிக்குது. அவரு போயிட்டாரு. அதை அறுத்துக் காட்டலாமா, நாங்களே நெய்ஞ்சு முடிக்கறதா?"

2021 கோடைக்குப் பிறகு இந்தக் கேள்வி மூன்று வீடுகளிலிருந்து வந்தது. முடிவு குடும்பத்தாருடையது, அவசரப்படாமல் இருங்கள் என்று மட்டும் சொன்னேன். பாவு தறியில் சில மாதம் நின்றால் கெட்டுவிடாது. எலியும் ஈரமும் அண்டாமல் பழைய வேட்டியால் மூடி, பாவின் இழுப்பைச் சற்றுத் தளர்த்திவிட்டால் போதும்.

அறுப்பதானால் நெய்த விளிம்பை ஒட்டி அறுக்காதீர்கள். ஒரு முழம் நெய்யாத பாவை விட்டு அறுத்து, இழைகளைச் சிறு கொத்துகளாக முடிச்சிட்டால் ஊடை பிரியாமல் நிற்கும். பாவிழைகளை வரிசைப்படுத்தும் அச்சோடும், அவற்றைத் தூக்கும் கண்ணிகளான விழுதோடும் சேர்த்து எடுத்துக் காட்டவும் முடியும்; ஆனால் அப்படி எடுத்துவிட்டால் அடுத்த பாவைப் பிணைக்கப் பழைய இழைகள் தறியில் இருக்காது, இழை கோப்பதை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். அந்தத் தறி இனி ஓடுமா என்பதைத் தீர்மானித்த பிறகு இதைச் செய்யுங்கள்.

அம்மாப்பேட்டையில் ஒரு மகள் நெய்து முடிப்பதென்று தீர்மானித்தார். தந்தையின் கை நின்ற இடத்தில் ஒரேயொரு ஊடையை மஞ்சள் நூலில் ஓட்டிவிட்டு, அங்கிருந்து தம் நெசவைத் தொடங்கினார். மஞ்சள் கோட்டுக்குக் கீழே ஊடைகள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்கின்றன. மேலே முதல் சாண் அளவுக்குச் சற்றுத் தளர்வாக இருந்து, போகப் போக இறுகுகிறது. அந்தச் சேலையைத் தொங்கவிட்டபோது, மஞ்சள் இழை பார்ப்பவரின் கண் மட்டத்தில் வருமாறு மூங்கிலின் உயரத்தை அவரே அளந்து கட்டினார்.